கட்டி இருந்தால் பையையே எடுக்க வேண்டுமா?

என் அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்தது 1984-ல். கட்டி என்றார்கள். தொப்புளுக்குக் கீழே ஒரு சாண் வெட்டு. பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம், மூன்று மாதம் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. அப்போது அவளுக்கு வயது 39. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள் என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. நாற்பதிலேயே உடம்புத் தகிப்பு, தூக்கமின்மை. அறுபது முடிவதற்குள் இடுப்பு எலும்பு முறிந்தது. சினைப்பை போனால் எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜனும் போய்விடும் என்று எலும்பு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது என் மருமகள். வயது 44. சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுக்கப் போனவளுக்கு, கர்ப்பப்பையில் 4 செ.மீ. நார்க்கட்டி இருப்பது தெரிந்தது. "ரெண்டு குழந்தை இருக்கே, இனிமே இது எதுக்கு? லேப்ராஸ்கோப்பிதான். மூணு ஓட்டை, மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்றாராம் டாக்டர். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் இல்லை.

"உனக்கு உதிரப்போக்கு அதிகமா இருக்காம்மா?"

"இல்லை மாமா. எப்பவும் போலத்தான்."

லேப்ராஸ்கோப்பிக்கு நான் எதிரி அல்ல. 1980-ல் ஜெர்மனியின் கீல் நகரில் கர்ட் செம் அந்த முறையில் முதன்முதலாகக் குடல்வால் எடுத்தபோது சக மருத்துவர்களே அவரைத் தூற்றினார்கள். அவர் பெண்கள் நல மருத்துவர் என்பது கூடுதல் எரிச்சல்! என் பித்தப்பையும் அப்படித்தான் போனது, நாலாம் நாள் வாக்கிங் போனேன். ஆனால் சின்னத் துளையால் குறைவது காயம் மட்டும்தான். போகும் உறுப்பு அதேதான். வலி குறைந்ததும், 'அவசியம்தானா?' என்ற கேள்வியும் குறைந்துவிட்டது என்பதே என் வருத்தம்.

நார்க்கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. தொந்தரவு இல்லையென்றால் கண்காணித்தால் போதும், மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடும். ரத்தம் அதிகம் போனால் மாத்திரை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. கட்டியை மட்டும் எடுக்கலாம், அதற்கு ரத்தம் போகும் குழாயையும் அடைக்கலாம். சினைப்பை நீர்க்கட்டி வேறு சமாச்சாரம். சாதாரண நீர்க்கட்டிகள் பல, இரண்டு மூன்று மாதத்தில் தானே மறைந்துவிடும். நாம்தான் எல்லாவற்றையும் 'கர்ப்பப்பைக் கட்டி' என்று ஒரே பெயரில் சொல்லிப் பயப்படுகிறோம். (மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் கண்டால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.)

தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை மாநிலங்கள் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும் என 2023-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்த அளவுக்குப் போயிருக்கிறது நிலைமை.

வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் மருமகளிடமே பத்து நிமிஷம் பேசினார். ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

அக்காவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எங்கிட்ட அன்னிக்கு யாராவது கேட்டிருந்தா, நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியலைடா" என்றாள்.