ஆய்வுப் பாதையில் ஒரு சுமைதாங்கி

ஆய்வு மாணவர் ஒருவர் நோயுற்றால் என்ன செய்கிறார்? விடுப்பு வேண்டி விண்ணப்பம் எழுதுவோர் சிலரே. பலர் ஒன்றும் உரையாமல் துறைக்கு வருவதை நிறுத்திக்கொள்கின்றனர். வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே உள்ள கட்டங்கள் வெறுமையாகின்றன. முதலில் ஒரு வாரம், பின்னர் ஒரு திங்கள், அதன்பின் ஓராண்டு. நெறியாளரின் முகத்தில் விழிக்க நாணி நூலகத்திற்கும் அவர்கள் வருவதில்லை. இறுதியில், பதிவுக் காலம் முடிவுற்றது என்னும் கடிதம் இல்லம் சென்று சேர்கிறது. பாதி எழுதப்பெற்ற ஆய்வேடு பரணுக்குப் போகிறது. ஆய்வு மாணவரோடு பழகும் நாம் அனைவரும் கண்டிருக்கும் காட்சியே இது. இதனை அம்மாணவர் ஒருவரின் தோல்வி என்று கூறிக் கடந்துவிடுதல் எளிது. அது முறையன்று என்பதே நம் கருத்து.

விதி என்ன சொல்கிறது என்பதை முதற்கண் காண்போம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி, முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்த கால அளவு 3 ஆண்டுகள். மிகுந்த அளவு 6 ஆண்டுகள். மறுபதிவு செய்துகொண்டால் மேலும் 2 ஆண்டுகள் வரை பெறலாம். பெண் ஆய்வாளர்க்கும், 40 விழுக்காட்டிற்கு மேற்பட்ட குறைபாடுடைய மாற்றுத்திறனாளர்க்கும் இன்னும் 2 ஆண்டுகள் தளர்வு உண்டு. ஆக, அவர்க்கு மொத்தம் 10 ஆண்டுகள் வரை அமையும். மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றின் பொருட்டு, பெண் ஆய்வாளர்க்கு ஆய்வுக் காலம் முழுமைக்குமாக 240 நாட்கள் வரை விடுப்பு வழங்கலாம். இச்சலுகை 2016ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளிலேயே இடம்பெற்றதாகும். இளங்கலை, முதுகலை மாணவியர்க்கும் மகப்பேற்று விடுப்பு, வருகைத் தளர்வு ஆகியன குறித்து விதி வகுக்குமாறு 2021 டிசம்பரில் அக்குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. கேரளத்தின் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022இல் தன் மாணவியர்க்கு 60 நாள் மகப்பேற்று விடுப்பை அறிவித்தது.

இவையெல்லாம் போற்றத்தக்கவையே. ஆயினும் ‘வழங்கலாம்’ என்னும் சொல்லை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ‘வழங்குக’ என்பது ஏவல். ‘வழங்கலாம்’ என்பது இசைவு. இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு விளங்கும். கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த நிறுவனத்தின் மனப்பாங்கைப் பொறுத்ததாகிவிடுகிறது. அன்றியும், நோய்க்கென நாட்கணக்கு ஏதும் அவ்வொழுங்குமுறைகளில் குறிக்கப்பெறவில்லை. காசநோய்க்கு வழக்கமான மருத்துவமே 6 திங்கள் நீள்வது. அந்த ஆறு திங்களும் ஆறாண்டுக் கணக்கினின்று கழிந்துகொண்டே இருக்கும். மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோர்க்குப் பொது விடுமுறை நீங்கலாக ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு. உதவித்தொகை ஏதுமின்றி, தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வு செய்யும் பகுதிநேர ஆய்வாளரின் நிலை என்ன? தந்தை சிறுநீரக நோயுற்று, வாரந்தோறும் குருதித் தூய்மைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய மகனின் நிலை என்ன? அவர் தாமே நோயுற்றவரல்லர்; ஆயினும் அவர் நாள் அவர் கையில் இல்லை.

நம் முன்னோர் பெருவழிகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை நட்டுவைத்தனர். கருவுற்ற நிலையில் உயிர்நீத்த பெண்களின் நினைவாகவே அவற்றை நிறுவும் வழக்கமும் இருந்தது. தலைச்சுமையோடு நடப்பவர், பிறர் துணையின்றி அக்கல்லின்மேல் சுமையை இறக்கி, இளைப்பாறி, மீண்டும் தாமே தூக்கிக்கொண்டு நடப்பார். அவர் சுமையை எறிந்துவிட்டார் என்று எவரும் பழித்ததில்லை. ஆய்வு மாணவர்க்கு நாம் வேண்டுவதும் இத்தகையதொரு கல்லே. எம்.பில். எனப்படும் ஆய்வியல் நிறைஞர் பட்டம் நாம் பயின்ற நாளில் ஆய்வுக்குப் பழகும் ஒரு படியாக இருந்தது. 2022ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் அதனை நிறுத்திவிட்டன. இன்று முதுகலை முடித்தவர் நேரே நெடும்பயணம் புறப்படுகிறார். பாதை நீளும்போது தங்குமிடமும் வேண்டும் அன்றோ?

உடல்நோய்க்கு மருத்துவச் சான்று காட்டுவோரும் மனநோயை மறைக்கின்றனர். ‘பைத்தியம்’ என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சியே வாய் திறவாதோர் பலர். ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவ வசதியில் மனநோயாளரை உடல்நோயாளர்க்கு நிகராக நடத்துதல் வேண்டும் எனத் தெளிவாகக் கூறுகிறது. நோய் பற்றிய செய்தி மறைவாகக் காக்கப்படும் உரிமையையும் அளிக்கிறது. உயர்கல்வி மாணவரின் மனநலத்தையும் தற்கொலைத் தடுப்பையும் ஆராய, உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. நாட்டின் உயர்ந்த மன்றமே கவலையுற்ற ஒன்றைத் துறையின் நான்கு சுவர்களுக்குள் நாம் எளிதாகக் கருதலாகாது.

‘விடுப்பு என்று வாயிலைத் திறந்தால் சோம்பர் நுழைவர்’ என்பார் உளர். இக்கூற்றில் சிறிதும் உண்மையில்லை என்று நாம் கூறவில்லை. ஆனால் சோம்பர்க்கு விதி தேவையில்லை. அவர் விதியின்றியே ஓய்வெடுப்பவர். விதியில்லாமையால் துன்புறுபவர் நேர்மையாளரே. மருத்துவச் சான்று, கால வரையறை, திரும்பும் நாள் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டால் தவறான பயன்பாடு தானே குறையும்.

எனவே ஆய்வு மையங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. விடுப்பு விண்ணப்பத்திற்கு ஒரு படிவம் இருத்தல் வேண்டும். அதற்கு எழுத்துவழி மறுமொழி குறித்த நாளுக்குள் வருதல் வேண்டும். இசைவு பெற்ற விடுப்புக் காலம் ஆய்வுக் காலக் கணக்கினின்று நீக்கப்பெறுதல் வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இத்தகைய இடைநிறுத்தம் நடைமுறையில் உள்ளதே. விடுப்புக் காலத்திற்குக் கட்டணம் வாங்குதல் ஒழிய வேண்டும். நோயின் பெயர் மேசைக்கு மேசை பரவாமல் காக்கப்பெறுதலும் வேண்டும். திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்வார். ஆய்வு மாணவர்க்கு அந்நான்காமவர் நெறியாளரே. ‘எப்போது முடிப்பாய்?’ என்பதற்கு முன் ‘உடல்நிலை எவ்வாறு உள்ளது?’ என்று அவர் கேட்டல் வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று கூறுவோம். மறைந்து போகாதீர்கள். நோய் முற்றும் முன்பே நெறியாளரிடம் உரையுங்கள். உரைத்ததை ஒரு கடிதமாக எழுதி, படி ஒன்றைக் கைவசம் வையுங்கள். சேர்த்த குறிப்புகளை இயல் வாரியாகக் கட்டி, அடுத்து எழுத வேண்டியது யாது என ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். திரும்பி வரும் நாளில் அந்த ஒரு தாளே உங்களுக்கு வழிகாட்டும்.

ஓராண்டு தாழ்ந்து வந்த ஆய்வேட்டைத் தமிழுலகம் ஏற்றுக்கொள்ளும். வாராமலே போன ஆய்வேட்டால் எவர்க்கும் பயனில்லை. அதனை எழுதியிருக்க வேண்டியவரையும் நாம் இழந்துவிடலாகாது.