சுழியால் பெருக்கினால் சுழியே!

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட நாட்டில், ஆங்கில நெடுங்கணக்கைக் கற்றும் ஆங்கிலம் படிக்கத் தெரியாத பிள்ளைகள் பெருகினர் என்றால், ஆங்கிலவழிப் பள்ளியின் வாயிலில் விடியுமுன் வரிசையில் நிற்கும் தமிழ்ப் பெற்றோர் நம்புவரா? நம்ப மாட்டார். ஆயினும் அதுவே உண்மை. அவ்வுண்மையை ஆய்ந்து எழுபது ஆண்டுகளாகத் தமக்குள் கடுஞ்சொற்போர் நிகழ்த்தி வருகின்றனர் அமெரிக்கக் கல்வியறிஞர். அப்போரின் வரலாற்றைத் தமிழர் அறிந்தே ஆதல் வேண்டும். அங்குள்ள குழந்தைகள் பட்ட துன்பத்தினும் பெருந்துன்பத்தை இங்கே காசு கொடுத்து வாங்கிக் கொண்டிருக்கின்றனர் தமிழர்.

ஆங்கில எழுத்துமுறையின் குளறுபடி உலகறிந்தது. இருபத்தாறு எழுத்துகளைக் கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைக் குறிக்க முயலும் மொழி அது. ஓர் ஒலிக்குப் பல எழுத்து. ஓர் எழுத்துக்குப் பல ஒலி. ஒலியே இல்லாத எழுத்தும் உண்டு. கத்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து ஊமை. தீவைக் குறிக்கும் சொல்லின் இடையெழுத்தும் ஊமை. ஐரோப்பிய மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இதன் விளைவை எண்ணிட்டுக் காட்டிற்று. முதலாண்டுக் கல்வி முடிவில் பின்லாந்துக் குழந்தைகள் பழகிய சொற்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டைப் பிழையின்றிப் படித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இசுக்காட்டுலாந்துக் குழந்தைகளோ நூற்றுக்கு முப்பத்து நான்கையே படித்தனர்! குறை குழந்தைகளிடத்தன்று, எழுத்திடத்தது.

இக்குறையை உணர்ந்து, ஒலியையும் எழுத்தையும் பொறுமையாகப் பிணைத்துக் கற்பிப்பதன்றோ முறை? அமெரிக்கப் பள்ளிகள் அதனைச் செய்தில. சொல்லை ஓவியம்போல் முழுதாகப் பார்த்து மனத்திற் பதித்துக் கொள்ளுமாறு ஒரு தலைமுறைக்குக் கற்பித்தன. வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய உருடால்பு பிளெசு என்பார் 1955இல் ஒரு நூல் எழுதி அம்முறையைச் சாடினார். பெற்றோர் வரவேற்றனர், பேராசிரியர் எள்ளினர். 1967இல் ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்துச் சீன் சால் அம்மையார், 1912 முதல் 1965 வரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்து, தொடக்கத்தில் எழுத்தொலியை முறையாகக் கற்ற குழந்தைகளே நன்கு படிக்கின்றனர் என்று நிறுவினார்.

அவ்வாண்டிலேயே கென்னத்து குட்மன் என்னும் பேராசிரியர், படித்தல் என்பது ஒருவகை ஊக விளையாட்டே என்று எழுதினார். எழுத்தை ஒவ்வொன்றாய்ப் பார்க்க வேண்டா. படத்தைப் பார்த்தும் தொடரின் போக்கைப் பார்த்தும் சொல்லை ஊகித்தால் போதும் என்றது அக்கொள்கை. மட்டக்குதிரை என்று எழுதியிருக்கக் குதிரை என்று குழந்தை படித்தால், பொருள் கெடவில்லை, விட்டுவிடுக என்றனர் அதனைப் பின்பற்றியோர். பொருள் கெடவில்லையாம்! எழுதியதைப் படிப்பதா படிப்பு? எழுதாததைப் படிப்பதா படிப்பு? நன்கு படிக்கத் தெரிந்தவர் எழுத்தையே பார்க்கின்றனர், படிக்கத் தெரியாதவரே ஊகத்தைப் பற்றி நிற்கின்றனர் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் மெய்ப்பித்தன.

1987இல் கலிபோர்னியா மாநிலம் அக்கொள்கையின் வழியே பாடத்திட்டம் வகுத்தது. 1994இல் நடந்த நாடளாவிய தேர்வின் முடிவு வந்தபோது அம்மாநிலக் குழந்தைகள் கடைவரிசையில் நின்றனர். பின்னரே அரசு விழித்தது. 1997இல் அமெரிக்கப் பேராயம் கேட்டதற்கிணங்க அமைந்த தேசியப் படிப்பாய்வுக் குழு, 2000ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. சொல்லிலுள்ள ஒலிகளைப் பிரித்தறிதல், எழுத்தொலிப் பயிற்சி, சரளம், சொல்வளம், பொருளுணர்தல் ஆகிய ஐந்தும் வேண்டும் என்றது அது. மிசிசிப்பி என்னும் ஏழை மாநிலம் 2013இல் சட்டமியற்றி, ஆசிரியர்க்கு இவ்வழியிற் பயிற்சியளித்தது. கடைவரிசையில் நின்ற அதன் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 2019இல் நாட்டின் நடுவளவை எட்டினர். ஆசிரியரைத் திருத்தினால் குழந்தை படிக்கும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுவதில்லை.

இதுவரை சொன்னது அவர் வீட்டுச் செய்தி. இனிச் சொல்வது தமிழர் நெஞ்சிற் பொறிக்க வேண்டிய செய்தி.

1986இல் ஆய்வாளர் இருவர் படிப்பின் இயல்பை ஒரு பெருக்கற் கணக்காக எழுதிக் காட்டினர். எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒன்று. அச்சொல் காதில் விழுந்தால் பொருள் விளங்கும் திறன் மற்றொன்று. இரண்டையும் பெருக்கி வருவதே படிப்பு. கூட்டலன்று, பெருக்கல்! கூட்டலாயின், ஒன்று இல்லாவிடினும் மற்றொன்று எஞ்சும். பெருக்கலிலோ ஒன்று சுழியாயின் விடையும் சுழியே. 1990இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தெக்சாசில் இசுபானியமும் ஆங்கிலமும் வழங்கும் குழந்தைகளிடத்தே இக்கணக்கை ஆய்ந்து, பொருந்துவதைக் கண்டது.

அமெரிக்கக் குழந்தை பள்ளிக்குள் நுழையும்போதே அதன் இரண்டாம் திறன் நிறைந்திருக்கிறது. தாய் பேசிய சொல், தெருவிற் கேட்ட சொல் என ஆயிரக்கணக்கான சொற்கள் அதன் காதில் உள்ளன. எழுத்து மட்டுமே அதற்குப் புதிது. அத்தகைய குழந்தையே தடுமாறிற்று; அதற்கே எழுபதாண்டு ஆய்வு தேவைப்பட்டது. தமிழ்க் குழந்தையின் நிலை என்ன? எழுத்தும் புதிது, சொல்லும் புதிது, பொருளும் புதிது. எழுத்தொலி முறையை எவ்வளவு திறமையாகக் கற்பித்தாலும் அது ஆங்கிலச் சொற்களை ஒலிக்குமேயன்றி உணராது. ஒன்றைச் சுழியாற் பெருக்கினாலும் நூறைச் சுழியாற் பெருக்கினாலும் விடை ஒன்றே.

அந்தச் சுழியை மறைக்கத்தான் நெட்டுருப் போடுகின்றனர். ஆசிரியர் பாடநூலில் கரிக்கோலால் கோடிட்டு, இங்கிருந்து இதுவரை விடை என்கிறார். குழந்தை அதனை ஒப்பிக்கிறது. விளங்காத இடத்தில் ஆசிரியரே தமிழிற் சொல்லித் தருகிறார். பின்னர்த் தமிழிற் பேசிய குழந்தையைத் தண்டிக்கிறார்! மழைக்கு ஏங்கும் மண்ணில், மழையைப் போ என்று விரட்டும் ஆங்கிலப் பாட்டைக் கைதட்டிப் பாடுகிறது மழலையர் பள்ளி. பெற்றோர் மகிழ்கின்றனர், பிள்ளைக்கு ஆங்கிலம் வந்துவிட்டதாம்!

வீட்டுமொழி வேறாகிய குழந்தையை ஆங்கிலத்தில் அமிழ்த்துவதன் கேட்டை அமெரிக்காவே அறிந்திருக்கிறது. சான் பிரான்சிசுகோ நகரில் சீனமொழி பேசும் மாணவர் ஏறத்தாழ 1,800 பேர் துணைப் பயிற்சியேதுமின்றி ஆங்கில வகுப்பில் அமர்த்தப்பட்டனர். 1974இல் அந்நாட்டின் தலைமை முறைமன்றம், விளங்காத மொழியில் எல்லார்க்கும் ஒரே நூலைக் கொடுத்துவிடுவது நிகர்நிலையாகாது என்று தீர்ப்பளித்தது. 2006இல் வெளிவந்த மற்றோர் ஆய்வுக்குழு அறிக்கை, தாய்மொழியிற் படிக்கக் கற்றல் ஆங்கிலப் படிப்புக்குத் துணையாகிறது என்று உரைத்தது. தாய்மொழி வாயிலாகவே குழந்தைக்குக் கற்பிக்க வேண்டும் என்று ஒன்றிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனம் 1953இலேயே சொல்லிவிட்டது. ஆங்கிலத்துக்குப் பிறந்த நாட்டில் உணரப்பட்ட உண்மை, ஆங்கிலத்துக்கு அடிமைப்பட்ட நாட்டில் உணரப்படவில்லை.

ஆங்கிலமே வேண்டா என்பதன்று இங்குச் சொல்வது. பிழைப்புக்கு வேண்டுமாயின் கற்கட்டும். அறிவியலுக்கு வேண்டுமாயின் ஆழ்ந்து கற்கட்டும். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பது வேறு. ஆங்கிலத்தின் வழியே எல்லாவற்றையும் கற்பது வேறு. தமிழிற் படிக்கவும் எண்ணவும் தெளிந்த குழந்தை, படிப்பது இன்னது என்பதை ஒருமுறை அறிந்துவிட்டது. அவ்வறிவை எந்த மொழிக்கும் எடுத்துச் செல்லும். தமிழில் எழுத்துக்கு ஒலி இடம்பற்றி மாறினும் நெறிப்பட்டே மாறும். எழுத்தைக் கூட்டினால் சொல் வரும்; சொல் வந்தவுடன் பொருள் வரும், தாய் முன்னரே அதனைக் காதில் ஊட்டியிருத்தலின். இத்தகைய வாயிலை அடைத்துவிட்டுச் சுவரேறிக் குதிப்பானேன்?

அரசுகளும் இக்குற்றத்தினின்று நீங்கியவையல்ல. தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் திருப்பும் பொருட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. நோய்க்கு மருந்து தருவதை விட்டு நோயையே இலவயமாகத் தருவது அது! மேடையிலே தமிழ் முழங்கிவிட்டு மகனை ஆங்கிலவழிப் பள்ளியிற் கொண்டுபோய் விடும் தமிழ்த் தொண்டரும் இக்குற்றத்தில் பங்காளரே. அவர் வீட்டுக் குழந்தையின் கணக்கிலும் சுழி சுழிதான்; தந்தையின் முழக்கம் அதனை மாற்றாது.

பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் நாளில் ஒவ்வொரு தமிழ்ப் பெற்றோரும் ஒரே ஒரு வினாவைத் தம்முள் எழுப்பட்டும்: இக்குழந்தை படிக்கப்போகும் முதற் சொல், அதன் காது முன்னரே அறிந்த சொல்லா? ஆம் என்று விடை வரும் பள்ளியே கல்விக்கூடம். அல்லாதது, எத்துணை உயர்ந்த கட்டடமாயினும், ஒலிபெருக்கிகளைச் செய்யும் பட்டறையே!