ஆயிரம் வேரும் அரை வைத்தியனும்

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பது நம் நாட்டிற் பலரும் கூறும் பழமொழி. "பேரை" அன்று, "வேரை" என்பதே உண்மைப் பாடமென்பர் அறிஞர். ஆயிரம் வேர்களைத் தோண்டி ஆராய்ந்தவனே பாதி வைத்தியனாவான் என்பது அதன் கருத்து. ஓரெழுத்துப் பிழையால் ஆராய்ச்சி கொலையாயிற்று.

ஆலங்குளம் போன்ற கரிசற்காட்டு ஊர்களில் இப்பிழை இன்றும் மக்கள் மனத்தில் நிலவுகின்றது. "ஆராய்ச்சியிற் சேர இசைவீரா?" என்று பெரிய வைத்தியசாலையில் வினவினால், "எங்களை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்று அஞ்சி எழுந்துவிடுவோர் உளர். இவ்வச்சத்தை நகையாடுதல் தகாது. அது முற்றும் நியாயமோவென ஆராய்தலே கற்றார் கடமையாம்.

1956ஆம் ஆண்டிற் சென்னையில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சியைக் கருதுவோம். ஒரே வகை மருந்தை உட்கொண்ட 193 நோயாளரில் ஒரு சாரார் சானடோரியத்திலும், மறு சாரார் தத்தம் ஏழைக் குடில்களிலும் வைத்துப் பேணப்பெற்றனர். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒப்பவே குணமடைந்தனர். வீட்டிலிருந்தோரால் சுற்றத்தார்க்கு நோய் மிகுதியாகப் பரவவுமில்லை. படுக்கை கிடையாத ஏழைக்கும் மருந்துண்டு என்னும் நற்செய்தி அவ்வேழையராலேயே உலகுக்குக் கிடைத்தது.

இனிக் கண்ணைப் பற்றிய செய்தி. வயல்வேலையிற் பயிர்த்தாள் பட்டுக் கருவிழியிற் காளான்கிருமியாற் புண்ணாதல் நம் உழவர்க்கு நேரும் கொடுமை. மதுரை அரவிந்த கண் வைத்தியசாலையும் அதன் கிளைகளும் 323 நோயாளருக்கு இருவகைச் சொட்டு மருந்தளித்தன. எவர்க்கு எம்மருந்தென்பது நோயாளரும் அறியார், வைத்தியரும் அறியார். 2013இல் வெளியான முடிவில், புதிய வோரிகோனசோலினும் பழைய நாடமைசினே சிறந்ததெனத் தெரிந்தது. புதியதெல்லாம் நல்லதென மயங்கியிருப்பின் எத்தனை கண்கள் இருண்டிருக்கும்!

மகவுகளை மாய்க்கும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கிற்கு எதிரான சுதேசத் தடுப்பு மருந்தும் இவ்வாறே தில்லி, புனே, வேலூர் ஆகிய மூவிடங்களில் 6,799 குழந்தைகளிடத்து ஆராயப்பெற்றது. முதலாண்டிற் கடுநோய் பாதிக்குமேற் குறைந்தமை கண்டு, 2016 முதல் அரசாங்கமே அதனை வழங்கத் தொடங்கியது.

"ஏழையுடலை ஏன் சோதித்தல் வேண்டும்?" என்பார்க்கு நாம் கூறும் விடை இது: சோதியாத மருந்தும் ஏழையுடலிலேயே புகும், ஆனால் அதன் கணக்கை எழுதுவார் இலர். எனினும் இசைவு பெறாத ஆராய்ச்சி அறமாகாது. 2019ஆம் ஆண்டின் விதிகள், ஆராய்ச்சியால் தீங்குற்றார்க்கு ஈடளித்தலை வற்புறுத்துகின்றன. விதி மட்டும் போதாது. கைந்நாட்டு வேறு, இசைவு வேறு. நோயாளி தன் மொழியிற் கேட்டு, வீட்டாரோடு கலந்து, மறுக்கவும் உரிமையுண்டென உணர்ந்து தருவதே இசைவாம்.

மற்றொன்றும் வேண்டுவோம். ஆராய்ச்சி முடிவு, உடலைத் தந்த ஊர்க்கே முதலில் திரும்புதல் வேண்டும். அயல்நாட்டுப் பத்திரிகையில் ஆங்கிலத்தில் அச்சாகும் உண்மை, ஆலங்குளத்துச் சாவடியில் தமிழிலும் உரைக்கப்படுமாயின் அச்சம் அகலும். வெடிமருந்து வேலையில் தீப்புண்படுவோரைப் பேணும் முறைகளையும் இவ்வாறு ஆராய்தல் நம் பகுதிக்கு இன்றியமையாதது. மக்கள் நம்பினாலன்றி அது கைகூடாது.

மாணாக்கர்காள்! வைத்தியராவீராயினும் ஆகாதொழியினும், விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் இப்பழமொழியின் மெய்ப்பாடத்தை நும் பெற்றோர்க்கு உரைமின். எழுத்தைத் திருத்துவது கற்றவர் கையிலன்றோ உள்ளது?