வீட்டு முற்றத்தில் ஒரு படகு

பாய்ப்படகு என்றதும் அது செல்வந்தரின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் பெரிய கலமும், அதைத் துடைத்துக் காக்கும் பணியாளுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பமும் பிள்ளைகளோடு பாய் விரித்துச் செல்லலாம் என்பதற்கு இங்கிலாந்து நாட்டிலே 1963ஆம் ஆண்டில் ஒரு நல்ல வழி பிறந்தது. உடைமையைப் பற்றியும் உல்லாசத்தைப் பற்றியும் சிந்திக்க வேண்டிய இக்காலத்தில், அதனை நாம் அறிந்துகொள்வது நன்று.

‘டெய்லி மிரர்’ என்னும் நாளிதழின் ஆதரவில் வெளிவந்தமையால் அப்படகுக்கு ‘மிரர்’ என்றே பெயர். படகு வடிவமைப்பில் வல்லவரான ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டு மரவேலைகளைக் கற்பித்துவந்த பாரி பக்னலும் சேர்ந்து அதனை உருவாக்கினர். ஏறத்தாழ 11 அடி நீளம். 45 கிலோவுக்குச் சற்று மிகுந்த எடை. ஒட்டுப்பலகைத் துண்டுகளின் விளிம்பில் துளையிட்டு, செப்புக் கம்பியால் துணி தைப்பதுபோல் தைத்து, இணைப்புகளைக் கண்ணாடி இழை நாடாவாலும் பிசினாலும் அடைத்துவிடுவார்கள். நம் சோழமண்டலக் கரையில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளை இது நமக்கு நினைவூட்டுகிறது. பெரிய பட்டறை வேண்டியதில்லை. தந்தையும் பிள்ளைகளும் வீட்டிலேயே கட்டி முடிக்கலாம். தொடக்கத்தில் அதன் விலை 63 பவுனுக்குச் சற்று மேல். சிவந்த பாய் விரித்த அப்படகுகள் 70,000க்கு மேல் செய்யப்பட்டன.

கட்டுவது எளிது என்பது மட்டுமன்று, வைத்திருப்பதும் எளிது. பெருங்கலத்தை நீரில் நிறுத்தி வைக்க ஆண்டுதோறும் வாடகை தரவேண்டும். அடிப்புறத்தில் ஒட்டும் சிப்பிகளைச் சுரண்டி வண்ணம் பூசவேண்டும். இத்தனை செலவிட்டோமே என்பதற்காக விருப்பமில்லாத நாளிலும் கடலுக்குச் செல்லும் உரிமையாளர் உண்டு. உடைமை அவருக்கு எசமானாகிவிட்டது! சிறு படகோ வீட்டு முற்றத்தில் உறங்கும். வேண்டிய நாளில் காரின் கூரைமேலோ, பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லரிலோ ஏற்றினால் போதும். பாயைத் தாங்கும் கழிகளும் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். நம் மீனவரின் கட்டுமரமும் இவ்வாறே தொழில் முடிந்ததும் கரையேறி, கட்டு அவிழ்ந்து, வெயிலில் காய்ந்த கலமன்றோ?

இத்தகைய படகுக்கு ஏற்ற இடம் ஆழ்கடல் அன்று. கரையோரத்துக் கழிகளும் ஓடைகளுமே. இங்கிலாந்தின் கிழக்கே எசெக்ஸ் மாவட்டத்தில் வால்டன் என்னும் ஊரையடுத்து, தீவுகளுக்கிடையே வளைந்து செல்லும் உப்புநீர் ஓடைகள் பல உள்ளன. 1939இல் ஆர்தர் ரான்சம் எழுதிய ‘சீக்ரெட் வாட்டர்’ என்னும் சிறுவர் நாவலுக்கு அவையே களம். பக்கத்திலிருந்து வீசும் காற்று படகை ஓரமாகத் தள்ளாதபடி, அதன் நடுவே ஒரு பலகை நீருக்குள் இறங்கி நிற்கும். ஆழம் குறைந்தால் அதனை மேலே தூக்கிவிடலாம். அப்போது ஒரு சாண் நீரிலும் படகு மிதக்கும். பெருங்கலங்கள் எட்டிப் பார்க்கவும் இயலாத நீர்ப்பறவைகளின் இருப்பிடங்களுக்குள் குழந்தைகள் ஓசையின்றிச் சென்று வரலாம்.

ஆயினும் ஆழம் குறைந்த நீர் அபாயமற்றது என்று எண்ணுவது பேதைமை. அங்கே ஓதத்தின் கணக்கை அறியாதவர் பாய் விரிக்கலாகாது. உயர் ஓதத்திலிருந்து நீர் முற்றும் வடிய ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். ஓரிடத்தில் மொத்தம் 12 அடி நீர் வடிவதாகக் கொள்வோம். முதல் மணி நேரத்தில் ஓர் அடியே குறையும்; அடுத்த மணி நேரத்தில் 2 அடி; மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று அடி; பின்னர் 2 அடி; இறுதியில் ஓர் அடி. மாலுமிகள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு இது. முதல் மணி நேரத்து மெதுவான இறக்கத்தைக் கண்டு, “இன்னும் பொழுதிருக்கிறது” என்று அமர்ந்திருப்பவரை, நடுவிலுள்ள இரண்டு மணி நேரம் ஏமாற்றிவிடும். வடியத் தொடங்கியதும் தரைதட்டிய படகு மீண்டும் மிதக்க ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகலாம். இறங்கி நடக்கலாமென்றால் முழங்கால்வரை விழுங்கும் சேறு. இருட்டும் குளிரும் சூழ, படகில் பிள்ளைகள் இருந்தால் பெற்றோரின் நிலை என்ன?

ஆகவே அறியாத ஓடைக்குள் நீர் ஏறும் வேளையிலேயே நுழையவேண்டும் என்பது அனுபவசாலிகளின் விதி. அப்போது தரைதட்டினாலும், சற்றுப் பொறுத்திருந்தால் ஏறிவரும் நீரே படகைத் தூக்கிவிடும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றும் வஞ்சகமானது. கரையோரம் அமைதியாகத் தோன்றும். தொலைவு செல்லச் செல்லத் திரும்புவது கடினமாகும். படகு கவிழ்ந்தாலும் மூழ்காதிருக்கக் காற்றடைத்த அறைகள் அதனுள் உண்டு. எனினும் உயிர்காப்பு அங்கி அணியாமல் ஒருவரும் ஏறலாகாது. கவிழ்ந்த படகை நிமிர்த்தவும் கரையருகே முன்னதாகப் பழகவேண்டும். திரும்பும் நேரத்தைக் கரையிலுள்ள ஒருவரிடம் சொல்லிச் செல்வதும் கடமையாகும்.

அன்பார்ந்த பெற்றோரே, பாய்ப்படகு வாங்கும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே கிடைக்கும். ஆனால் தவணை முறையில் ஏதேனும் ஒன்றை வாங்க நாம் எல்லோரும் ஒருநாள் கடைவாயிலில் நிற்கிறோம். இதனைப் பேணும் ஆற்றல் நமக்கு உண்டா? இதனால் பிள்ளைகளோடு கழிக்கும் நேரம் பெருகுமா, குறையுமா? இதிலுள்ள அபாயத்தை அவர்களுக்குக் கற்பிக்கும் அளவுக்கு நாம் முதலில் கற்றிருக்கிறோமா? பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்னர் இக்கேள்விகளைக் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்களாக.