குடியிருக்கும் வீட்டில் வேலை: விழுந்தால் யார் பொறுப்பு?

தொழிற்சாலைக்கு ஒரு சட்டம் உண்டு. சுரங்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ரயில் தண்டவாளத்துக்குத் தனி விதிப் புத்தகமே உண்டு. ஆனால் மக்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் போய்ச் சுண்ணாம்பு அடிக்கும், ஒயர் இழுக்கும், குழாய் மாற்றும், சுவரை இடித்துக் கட்டும் தொழிலாளிக்கு என்ன உண்டு? காலையில் ஒரு காபி உண்டு. மாலையில் கூலி உண்டு. இடையில் ஏதாவது நேர்ந்துவிட்டால் பழி உண்டு. இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றே நம் தோழர்களில் பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் பாதி சரி, பாதி தவறு. எது சரி, எது தவறு என்று பிரித்துச் சொல்வது சங்கத்தின் கடமை.

கங்காதர நெல்லூரிலும் சித்தூரிலும் திருப்பதியிலும் இந்த வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்கள் பலர் காட்பாடி, குடியாத்தம், திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறியது, கொலுறு பிடிக்கும் கை மாறவில்லை. இவர்களை அழைக்கும் வீட்டுக்காரரும் பெரிய முதலாளி அல்லர். ஆசிரியராக இருப்பார், விவசாயியாக இருப்பார், நம்மைப் போல ஒரு குமாஸ்தாவாகவும் இருப்பார். ஆகவே இது வர்க்க எதிரியைத் தேடும் கட்டுரை அல்ல. பொறுப்பு எங்கே விழுகிறது என்று தேடும் கட்டுரை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்துக்கே பொருந்தியது. சொந்தக் குடியிருப்புக்காக ஒருவர் செய்யும் வேலை 10 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்கும் விலக்கு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்த விலக்கு 50 லட்சமாக உயர்ந்துவிட்டது. சித்தூர்ச் சீமையில் எந்த வீட்டுப் பழுது வேலைக்கு 50 லட்சம் ஆகும்? சாரம் எப்படிக் கட்டுவது, தலைக்கவசம் யார் தருவது என்று சொன்ன சட்டம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டது என்பதே இதன் பொருள். நம் தோழர்கள் நினைத்தது இந்த அளவுக்குச் சரி.

தவறு எங்கே? இழப்பீட்டில்தான். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையை எத்தனை மேஸ்திரிகள் கேள்விப்பட்டிருப்பார்கள்? ஒரு மாடிக்கு மேற்பட்ட கட்டடம், அல்லது தரையிலிருந்து கூரை உச்சி வரை பன்னிரண்டு அடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடம், இவற்றைக் கட்டுபவர், பழுது பார்ப்பவர், இடிப்பவர் எல்லாரும் அந்த அட்டவணையில் இருந்தார்கள். தற்செயலாக ஒரு நாள் கூலிக்கு வந்தவன், முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை செய்தவன் என்று ஒதுக்கிவைத்திருந்த வாசகமும் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. வீட்டுக்காரரே நேரடியாக நாள் கூலிக்கு அமர்த்திய ஆள் ஏணியிலிருந்து விழுந்தால், இழப்பீடு கேட்கும் வழி அன்றே திறந்தது. இழப்பீட்டுப் பகுதி இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது.

ஆனால் இதிலே ஒரு முடிச்சு இருக்கிறது. அதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். வேலையை மேஸ்திரி மொத்தமாகப் பேசி எடுத்தால் கதை மாறுகிறது. காண்டிராக்டருக்கு மேலே உள்ளவரைச் சட்டம் பிடிப்பது, அந்த வேலை அவருடைய தொழிலைச் சேர்ந்ததாக இருக்கும்போதுதான். வீட்டுக்கு வர்ணம் அடிப்பது பள்ளி ஆசிரியரின் தொழில் அல்ல. ஆகவே வீட்டுக்காரர் நழுவிவிடுவார். மேஸ்திரியே முதலாளி ஆகிவிடுவார். நேற்று வரை சித்தாளோடு சேர்ந்து கலவை சுமந்தவர், சதுர அடிக்கு இத்தனை என்று பேசிய அந்த நிமிடத்தில் இன்னொருவன் உயிருக்குப் பொறுப்பாளி. பேசிய தொகையிலே அந்தப் பொறுப்புக்கு ஒரு பைசா சேர்த்தாரா? இல்லை. பக்கத்து மேஸ்திரி குறைத்துக் கேட்பான் என்ற பயத்தில் கயிற்றையும் சாரத்தையும்கூடக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்.

இது ஒருபுறம் இருக்க, வீட்டில் குடியிருப்பவர்களின் பாதுகாப்புக்கு வருவோம். கட்டட வேலை நடக்கும் மனையில் வேலையாள் மட்டும்தான் இருப்பான். குடியிருக்கும் வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது, கண் மங்கிய பாட்டி இருக்கிறாள், அடுப்படியில் கேஸ் சிலிண்டர் இருக்கிறது. மாலையில் இன்சுலேஷன் டேப் சுற்றாமல் விட்டுப்போன ஒயர் முனை இரவெல்லாம் அங்கேயே இருக்கிறது. பழைய வர்ணத்தைச் சுரண்டினால் வரும் தூசியும் அப்படியே. வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த வர்ணத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தூசி குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; சுரண்டுகிற நம் ஆளின் உடம்பிலும் சேரும். அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீடுகளில் கூலிக்குச் சுரண்டும் வேலைக்கு 2010 ஏப்ரல் முதல் பயிற்சிச் சான்று கட்டாயம். குடியிருப்போருக்கு ஆபத்தை முன்கூட்டியே அச்சில் எழுதிக் கொடுக்க வேண்டும், அறையை பிளாஸ்டிக் விரிப்பால் மூட வேண்டும். நாம் அவ்வளவு கேட்கவில்லை. தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டு, ஈரத் துணியால் துடை, அதுவரை குழந்தையை அந்த அறைக்குள் விடாதே என்றுதான் சொல்கிறோம். இதற்கு ஒரு வாளித் தண்ணீர் போதும்.

ஒரு வேலைக்கு மட்டும் பேச்சுவார்த்தையே கிடையாது. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கும் வேலை. எந்த ஒரு நபரும் அதற்கு ஆளை அமர்த்தக் கூடாது என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். இதிலே வீட்டுக்காரரும் தப்ப முடியாது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20இல் கூறிவிட்டது. "கொஞ்சம் இறங்கிப் பாருப்பா, ஐந்நூறு சேர்த்துத் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் மூடியைத் திறக்காமல் திரும்பி வாருங்கள்.

அடுத்து நகை. வீட்டில் ஒரு செயின் காணவில்லை என்றால் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறார்கள்? வெளியூர்க்காரன் முகத்தை; தெலுங்கு தடுமாறும் தமிழன் முகத்தை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் 20 தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, பையோடு பஸ் ஏறும் தமிழ்க் கூலிக்காரனுக்கு இந்தப் பக்கம் சந்தேகப் பார்வையைத் தாங்குவதே ஒரு வேலை ஆகிவிட்டது. திருட்டுப் பழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1993இல் கம்மாபுரம் போலீஸ் காவலில் மாண்ட ராசாக்கண்ணுவின் வழக்கு சாட்சி. குடியிருக்கும் வீட்டில் நடக்கும் திருட்டுக்கு ஏழு ஆண்டு வரைதான் தண்டனை. அப்படிப்பட்ட வழக்கில் எடுத்த எடுப்பில் கைது செய்யாமல் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். கைது தேவை என்றால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். இன்றைய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 35ஆம் பிரிவும் நோட்டீஸ் முறையை வைத்திருக்கிறது. ஸ்டேஷனுக்கு வா என்று வாய்வார்த்தையாக அழைத்தால் தனியே போகாதீர்கள்; சங்கத்துக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இவ்வளவுக்கும் மருந்து என்ன? ரயில்வேயில் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்கிறோம். மேலே ஓடும் மின்கம்பியில் கை வைக்க வேண்டுமானால், மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைத் தரையோடு இணைத்து, அனுமதி எழுத்தில் கைக்கு வர வேண்டும். அதற்கு முன் ஒருவரும் ஏற மாட்டார். தண்டவாளத்தைப் பிரிக்க வேண்டுமானால், அகலப் பாதையில் 600 மீட்டரில் பேனர் கொடி, 1,200 மீட்டரில் வெடிகள். "வண்டி வராது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பி அங்கே யாரும் வேலை செய்வதில்லை. வீட்டிலோ, "அம்மா, மெயினை ஆப் பண்ணிட்டீங்களா?" "பண்ணிட்டேன்பா." அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் உள்ளேயிருந்து மகன் வந்து டிவிக்காக அதையே போட்டுவிடுகிறான். ஆகவே பியூஸ் கட்டையைப் பிடுங்கி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பியூஸ் இல்லாத வீட்டில் மெயின் பெட்டியைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றுக்கு ஒரே ஒரு தாள் போதும் என்பது நம் கருத்து. தமிழிலும் தெலுங்கிலும் ஒரு பக்கம். யார் வேலை செய்கிறார்கள், எந்த அறையில்? நகையும் பணமும் பூட்டப்பட்டுச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கிறதா? வேலைக்கு முன்பே இருந்த விரிசல், உடைந்த ஓடு, ஒழுகும் குழாய் எவை? சாரமும் கயிறும் யார் செலவு? அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோவது, யார் பணம் கட்டுவது? மாலையில் வீட்டை எந்த நிலையில் ஒப்படைப்பது? கீழே இரண்டு கையெழுத்து.

"தாளை நீட்டினால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்" என்று தோழர்கள் சொல்வது நமக்குத் தெரியும். ஒருவர் நீட்டினால் கூப்பிடத்தான் செய்வார்கள். ஊரிலுள்ள அத்தனை மேஸ்திரியும் நீட்டினால் யாரைக் கூப்பிடுவார்கள்? இதற்குத்தானே சங்கம்! மேலும் அந்தத் தாள் வீட்டுக்காரருக்கும் நன்மை. அவருடைய குழந்தையும் அவருடைய சுவரும் அதிலே இருக்கின்றன.

தாள் மட்டும் கஞ்சி ஊற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள எவரும் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஆண்டில் 90 நாள் கட்டட வேலை செய்தவர், வீட்டுப் பழுது வேலை செய்தவரானாலும், நல வாரியத்தில் பதிய முயல வேண்டும். தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் வாரியம் 1994 முதல் இருக்கிறது. ஆந்திரத்திலும் ஒரு வாரியம் உண்டு. அட்டை காட்பாடியில், அடிபட்ட உடம்பு சித்தூரில் என்றால் என்ன பயன்? ஒரு மாநில அட்டையை இன்னொரு மாநிலம் மதிக்க வேண்டும் என்று இரு அரசுகளையும் கேட்கிறோம். சொந்த வீட்டு வேலைக்கான 50 லட்ச விலக்கைக் குறைக்க வேண்டும் என்றும் கேட்கிறோம்.

அரசு கேட்கும் வரை கயிற்றைக் கட்டாமல் இருக்க முடியாது. தாள்கள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. மேஸ்திரிகள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டில் சேராத ஒருவரைக்கூடச் சாரத்தில் ஏற்றாதீர்கள்.