தொட்டில் பக்கம் நிற்க, படித்த நர்ஸ் வேண்டும்!

குறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்றால், 'பெரிய டாக்டர் பார்க்கிறாரா?' என்றுதான் கேட்கிறோம். ராத்திரி முழுக்க பக்கத்தில் நிற்கும் நர்ஸ் என்ன படித்தவர் என்று யாரும் கேட்பதில்லை.

டாக்டர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மூச்சு, உடம்புச் சூடு, ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் மணிக்கு மணி கவனிப்பது நர்ஸ்தான். ஆக்சிஜன் குறைந்தால் உயிருக்கு ஆபத்து. கூடினால், குறைமாதக் குழந்தையின் கண்ணுக்கே ஆபத்து. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்குப் பார்வை போயிற்று. கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை என்பதற்காக, 2015-ல் சுப்ரீம் கோர்ட் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது. அந்த வழக்கில் குற்றம் நர்ஸ் மேல் இல்லை. ஆனாலும், விபரம் தெரிந்த நர்ஸ் இருந்தால், 'கண் டாக்டரிடம் காட்டியாச்சாம்மா?' என்று தாயிடம் ஒரு வார்த்தை கேட்பாரே!

படிப்பு இல்லாமல் இல்லை. நர்ஸிங் முடித்தவர்கள் பச்சிளங்குழந்தை பராமரிப்பில் ஓராண்டு டிப்ளமோ படிக்க, இந்திய நர்ஸிங் கவுன்சிலே வழி செய்திருக்கிறது. எம்.எஸ்ஸி.,யில் குழந்தை நலம் எடுத்து இரண்டு வருஷம் படிக்கலாம். அதற்கப்புறம்தான் சிக்கல். எம்.எஸ்ஸி., முடித்தவர்களில் பலர் கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விடுகிறார்கள். வார்டில் வேலை பழகியவர்களையோ நிலைக்க விடுவதில்லை. எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவர், பச்சைக் குழந்தை வார்டில் மூன்று வருஷம் இருந்தார். கை தேர்ந்த சமயத்தில், ஆண்கள் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் பண்ருட்டி மண்டியில், பலாவைத் தட்டிப் பார்த்துப் பதம் சொல்லும் ஆளை யாராவது முந்திரி உடைக்க அனுப்புவார்களா?

தமிழகத்தில், 2020 கணக்குப்படி, ஆயிரம் குழந்தை பிறந்தால் 13 குழந்தை ஒரு வயசுக்குள் இறந்தது. நாடு முழுக்க 28. நாம் தேவலைதான். ஆனால், இப்படி இறப்பதில் பெரும்பகுதி முதல் 28 நாளுக்குள். இதைக் குறைக்க மெஷின் மட்டும் வாங்கினால் போதுமா?

எங்கள் மாவட்டத்திலேயே, சிதம்பரம் அண்ணாமலை நகரில், மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது; ராணி மெய்யம்மை நர்ஸிங் கல்லூரியும் இருக்கிறது. கடலூர், விருத்தாசலம், பண்ருட்டி அரசு ஆஸ்பத்திரி நர்ஸ்களைச் சம்பளத்தோடு அங்கே அனுப்பி, இந்தப் படிப்பைப் படிக்க வைக்கலாம். திரும்பி வந்தால், ஐந்து வருஷமாவது அந்த வார்டை விட்டு மாற்றக் கூடாது. படித்ததற்குக் கொஞ்சம் கூடுதல் சம்பளமும் தர வேண்டும். சென்னைக்கு ஒரு வருஷம் போ என்றால், கைக்குழந்தைக்காரி எப்படிப் போவாள்? சிதம்பரம் என்றால், லீவு நாளில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம்.

— ஒரு இல்லத்தரசி, பண்ருட்டி.