துபாய் கெட்டிலுக்கு நம் ஊர் பிளக் மாட்டலாமா?

"துபாயில் வேலை பார்க்கும் மகன், தண்ணீர் சுட வைக்கும் கெட்டில் வாங்கி வந்தான். அதன் பிளக்கில் மூன்று கம்பிகளும் பட்டையாக இருக்கின்றன. சின்ன அடாப்டர் வாங்கிச் செருகினோம். வேலை செய்கிறது. ஆனால் அடாப்டர் சூடாகி, கருகல் வாடை வருகிறது. பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர் பிளக் மாட்டலாமா?"

- வாசகி, அறந்தாங்கி.

மாட்டலாம். அதற்கு முன், அந்த அடாப்டரை இன்றே கழற்றிவிடுங்கள்.

கெட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். 220-240 வோல்ட் என்று போட்டிருந்தால் நம் கரன்ட் ஒத்துவரும். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். அங்கிருந்து வரும் கெட்டிலை இங்கே நேரடியாகப் போடவே கூடாது.

அடுத்து வாட். 2,200 வாட் கெட்டில் 10 ஆம்பியர் அளவுக்குக் கரன்ட் இழுக்கும். மிக்ஸி போடும் சின்ன பாயின்ட் தாங்குவது 6 ஆம்பியர்தான். கருகல் வாடைக்குக் காரணம் இதுதான். ஃபிரிட்ஜ், கிரைண்டருக்குப் போடுகிற 16 ஆம்பியர் பெரிய பாயின்ட்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 16 ஆம்பியர் மூன்று பின் பிளக்கும்தான் இதற்குச் சரி.

அந்தப் பட்டைக் கம்பி பிளக் பிரிட்டனில் 1947-ல் வந்தது. செம்பை மிச்சப்படுத்த, அங்கே பல பாயின்ட்டுகளை ஒரே வளையமாக 30 ஆம்பியர் ஒயரில் இணைத்தார்கள். அதனால் ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் தனி பியூஸ் வைத்தார்கள். நாம் பிடித்துக்கொண்டிருக்கும் உருண்டைக் கம்பி பிளக்கும் பிரிட்டன்காரர்களின் பழைய வடிவம்தான். அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை! நம் பிளக்கில் பியூஸ் கிடையாது. எனவே, பட்டை பிளக்கை வெட்டும்போது அந்தப் பாதுகாப்பும் போய்விடும். பெரிய பாயின்ட்டுக்கு மெயின் போர்டில் தனியாக 16 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒயரை மாட்டும்போது பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பச்சை-மஞ்சளை நறுக்கிவிட்டு இரண்டு பின் பிளக் மாட்டும் வேலையை யார் செய்தாலும் விடாதீர்கள். கெட்டிலின் வெளிப்புறம் எவர்சில்வர். பேஸ் ஒயர் உள்ளே உரசினால், ஈரக் கையோடு தொடுகிறவர் உயிருக்கே ஆபத்து. ஜெர்மனி பக்கத்துச் சாமான்களிலும் இதே சிக்கல் உண்டு. அந்த பிளக்கின் இரண்டு உருண்டைக் கம்பிகளும் நம் சாக்கெட்டில் லொடலொடவென்று நுழையும், சாமானும் ஓடும். ஆனால் அதற்கு எர்த் பக்கவாட்டுத் தகட்டில் இருப்பதால் இங்கே இணைப்பே கிடைக்காது.

எர்த் ஒயரைச் சரியாக மாட்டினாலும், வீட்டு எர்த் வேலை செய்தால்தான் பயன். பல வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டைதான். அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுவிட்டால், கசிவு ஏற்பட்டதும் கரன்ட் கட்டாகிவிடும். கோடையில் எர்த் குழிக்கு அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

வெட்டிய பழைய பிளக்கை ஒயர் துண்டோடு வீட்டில் போட்டு வைக்காதீர்கள். குழந்தைகள் எடுத்து அந்த அடாப்டரில் செருகிவிடுவார்கள்.